அண்ணாச்சியின் கையில் இல்லாதவை

உள்ளாட்சியில் முளைத்துச் சட்டமன்றம் வரை படர்கிற ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கார் யாருக்கும் வழிவிடாமல் போனால், உள்ளே அவர்தான். கிருஷ்ணன்கோவிலில் கல்யாணம், தளவாய்புரத்தில் காதுகுத்து, தேவதானத்தில் சாவுத் துட்டி என்று எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போய், எல்லா இடத்திலும் ஒரே முகத்தோடு கும்பிட்டுவிட்டு வருவார். ஒருமுறை காதுகுத்து வீட்டில் போய், "மனசத் தேத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அழுதுகொண்டிருந்த குழந்தை மட்டும்தான் அதைப் பொருத்தமான பேச்சாக எடுத்துக்கொண்டது.

இந்த ரகத்தை எப்படி அடையாளம் காண்பது? வேட்டிக் கரையை வைத்து முடியாது. கரை தேர்தலுக்குத் தேர்தல் மாறும். அவர் வாயில் இருக்கும் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் முடியும். "அது நம்ம கையில இல்ல."

எங்கள் ஊர் மாரீஸ்வரன் அண்ணாச்சியையே எடுத்துக்கொள்வோம். முதலில் அவர் வார்டு கவுன்சிலராக இருந்தார். வீட்டிலேயே நைட்டி தைத்துப் பிழைக்கும் தங்கபாய் அப்போதே அவரிடம் போய்விட்டார். தெரு முகப்பில் குறுக்கே ஓடும் சாக்கடை வாறுகாலின் மூடிக்கல் உடைந்து கிடந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம். ஆட்டோவை யார் தூக்குவது?

"கல்லுப் போடுறது சேர்மன் கையில இருக்கும்மா" என்றார் அண்ணாச்சி.

நியாயம்தானே? அடுத்த தேர்தலில் அண்ணாச்சியே சேர்மன் ஆனார். தங்கபாய் போனார். "நிதி எம்.எல்.ஏ கையில இருக்கும்மா." அதுவும் நியாயம்தான். பிறகு அண்ணாச்சி எம்.எல்.ஏ.வே ஆனார். இனிமேல் கைகாட்ட மேலே ஆளே இல்லை என்று தங்கபாய் சந்தோஷமாகப் போனார். பாவம், மேலே ஆள் இல்லாவிட்டால் கீழே காட்டலாம் என்பது அவருக்குத் தெரியாது.

"வாறுகாலெல்லாம் உள்ளாட்சி சமாச்சாரம்மா. ஒங்க கவுன்சிலரப் பாருங்க."

கவுன்சிலர் யார்? முனீஸ்வரி. அண்ணாச்சியின் மனைவி. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் அண்ணாச்சி பெருந்தன்மையோடு அதை வீட்டுக்குள்ளேயே ஒதுக்கிக்கொண்டார். தேர்தல் போஸ்டரில் அண்ணாச்சி ஆள் உயரத்துக்குக் கும்பிட்டார். வேட்பாளர் மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். ஆகவே தங்கபாய், எம்.எல்.ஏ அலுவலகமாகிய ஹாலிலிருந்து எழுந்து, கவுன்சிலர் அலுவலகமாகிய அடுப்படிக்குப் போனார்.

"நா என்ன செய்ய மதினி? அவிய சொன்னாத்தான கையெழுத்துப் போடுவேன்" என்றார் முனீஸ்வரி, மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டே.

தங்கபாய் ஹாலுக்குத் திரும்பினார். "அண்ணாச்சி, கவுன்சிலரம்மா ஒங்களக் கேக்கச் சொல்லுதாங்க."

"கவுன்சிலர் அதிகாரத்துல நா தலையிட மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு, குழம்பில் புளி கூடிவிட்டதா என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

இதுவரை இது வெறும் கல் விவகாரம். இந்த வருஷம் தங்கபாயின் மகள் ஜெனிலா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ரத்த அழுத்தம் அதிகம், நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோ ஓட்டும் நவாஸ் வாறுகாலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பெரியம்மா, வண்டி உள்ள வராது. வலி வந்துட்டா புள்ளயத் தூக்கிட்டுத்தான் ஓடணும்." அன்றைக்குப் போன தூக்கம் தங்கபாய்க்குத் திரும்பி வரவில்லை. மறுபடியும் அண்ணாச்சியிடம் போய், இந்த முறை அழுதேவிட்டார்.

அண்ணாச்சிக்கும் மனசு இளகிவிட்டது. மனசு இளகினால் இந்த ரகம் என்ன செய்யும்? கல்லைக் கொண்டுவந்து போடும் என்றா நினைத்தீர்கள்? அடிக்கல் நாட்டு விழா வைக்கும்! வாறுகாலை ஒட்டி, வாறுகாலின் அகலத்தைவிட நீளமான பலகைகளால் மேடை எழுந்தது. மைக் செட், பொன்னாடை, மாலை, மாலையை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள், எல்லாம் வந்தன. கல் மட்டும் வரவில்லை.

"நான் கவுன்சிலராக இருந்த காலம் தொட்டு இந்த வாறுகாலைக் கவனித்து வருகிறேன்!" என்று அண்ணாச்சி முழங்கினார். கைதட்டல். அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஜெனிலாவுக்கு வலி கண்டுவிட்டது. நவாஸ் வாறுகால் ஓரத்தில் வண்டியை நிறுத்தி ஹாரனை அடித்தான். தங்கபாய் தலைவிரிகோலமாக ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, புள்ளைக்கு வலி வந்துட்டு! செத்த கீழ எறங்குங்க. பலகயப் போட்டு வண்டிய உள்ள விட்டுருவோம்."

அண்ணாச்சி மைக்கிலேயே பதில் சொன்னார். "பலகை நம்ம கையில இல்லம்மா. பந்தல்காரரக் கேளுங்க."

பந்தல்காரர் கையைப் பிசைந்தார். "மேல அவிய நிக்கும்போது நா எப்பிடி உருவ?"

அப்போதுதான் அது நடந்தது. மேடை ஓரத்தில் பொன்னாடைக்குள் புதைந்து உட்கார்ந்திருந்த முனீஸ்வரி எழுந்தார். யாரும் சொல்லாமல் அவராகவே எழுந்தது, பதவிக்காலத்தில் அதுதான் முதல் தடவை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே குதித்தார். "ஏட்டி, பாத்துக்கிட்டே நிக்கிய? அந்தப் பக்கம் புடிங்கட்டி!" பெண்கள் பலகை பலகையாக உருவ உருவ, அண்ணாச்சி மைக்கை விடாமல் பலகை பலகையாகப் பின்வாங்கினார். கடைசியில் ஒற்றைப் பலகையில் ஒற்றைக்காலில் நின்றபடி மக்களாட்சியின் மாண்பைப் பேசி முடித்தார். ஆட்டோ பலகைமேல் ஏறி உள்ளே போய், ஜெனிலாவோடு திரும்பி விரைந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். இந்த ஒரு விஷயத்தில் நான் கேலி பண்ணத் தயாராக இல்லை. விடிந்ததும் தெரு முனையில் பிளெக்ஸ் நின்றது: "ஒரே மாலையில் பாலம் தந்த பெருந்தகையே!" பாலத்தைப் பந்தல்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜெனிலா குழந்தையோடு திரும்பி வந்தாள். உச்சி வெயில். நவாஸின் ஆட்டோ மறுபடியும் வாறுகால் ஓரத்தில் நின்றது. கைக்குழந்தை வீறிட்டது. பெண்களெல்லாம் தண்ணீர் லாரிக்குப் போயிருந்த நேரம். சத்தம் கேட்டு மற்றவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோர் வீட்டிலும் கட்டில் பலகையோ பழைய கதவோ இருக்கிறது.

"இத கவுன்சிலருல்லா வந்து பாக்கணும்?" என்றார் ஒருவர்.

"முனிசிபாலிட்டிக்கு யாராச்சும் போனப் போடுங்கப்பா" என்றார் இன்னொருவர்.

"இந்த நாட்டுல என்னைக்கு என்ன உருப்பட்டிருக்கு!" என்று கடைசி வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார். முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீங்கள் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?