உபயப் படகு

"ஏனுங்க டீச்சர், பணம் குடுக்கறப்ப நான்தான் மொதல்ல குடுத்தேன். பேரு மட்டும் வாலுப்பக்கம் வருதே, அதென்னுங்க நாயம்?"

போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி அர்த்தநாரி, ஏரிக்கரையில் நின்ற புதுப் போட்டிப் படகைக் காட்டிச் சித்ரா டீச்சரிடம் கேட்டார். டீச்சர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. அங்கே அவர் விசில் ஊதினால் காக்காய்கூட வரிசையில் நிற்கும். ஆனால் நன்கொடை கொடுத்தவர் எதிரே வந்தால் "சரிங்கண்ணா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு தமிழ் வராது.

"சரிங்கண்ணா. தலைப்பக்கம் எழுதிடலாங்க."

படகின் முன்னால் இருந்த டிராகன் தலைக்கு வர்ணம் பூசியவர் நாமக்கல்லில் லாரிக்கு எழுதுகிறவர். அதனால் டிராகனுக்கு முறுக்கு மீசையும் நெற்றியில் பொட்டும் இருந்தன. வாலில் "ஒலி எழுப்பவும்" என்று இருந்தது. இப்போது பொட்டை அழித்துவிட்டு "அர்த்தநாரி போர்வெல்ஸ்" ஏறியது.

மறுநாளே கோழிப்பண்ணை பொன்னாத்தாள் வந்துவிட்டார்.

"நெத்தி அவனுக்கு. எனக்கு எங்கெ கண்ணு?"

படகின் இடப்பக்கம் முழுக்கப் பொன்னாத்தாளுக்குப் போனது. அப்படியானால் வலப்பக்கம் ஜவ்வரிசி ஆலை தமிழரசுக்கு. அதிலும் ஒரு சிக்கல்.

"போறப்ப அந்தம்மா பேருதான் கரைக்குத் தெரியுது. என்ற பேரு திரும்பி வாரப்பத்தான். போறதைப் பாத்துட்டுச் சனம் ஊட்டுக்குப் போயிட்டா?"

"துடுப்புலயும் உங்க பேரே எழுதிடறேனுங்க."

"அது தண்ணிக்குள்ள முங்கிருதே! மேல தூக்கியே வெச்சிருக்கச் சொல்லுங்க."

"தூக்கியே வெச்சிருந்தா படகு நகராதுங்கண்ணா."

"நல்லதாப் போச்சு. நின்னாத்தான் படிக்க முடியும்."

மிதவைச் சட்டைகளிலும் மூன்று பெயர்களையும் பகிர்ந்து எழுதிய பிறகுதான் ஊர் அமைதியானது.

இதற்கெல்லாம் நடுவில், படகை ஓட்டப்போகும் பெண்களை எல்லாருமே மறந்துபோனார்கள். வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிற பெண்கள் அவர்கள். பத்துப் பேர் துடுப்புப் போட, முத்தாயம்மாள் முன்னால் உட்கார்ந்து முரசு அடிப்பார். பின்னால் நின்று படகைத் திருப்புவது டீச்சர் வேலை. வந்த புதிதில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. ஆகவே துடுப்பைத் தொடும் முன்பே, நெஞ்சளவுத் தண்ணீரில் படகைக் கவிழ்த்துக் கவிழ்த்து, பதறாமல் மிதக்கப் பழக்கியிருந்தார் சித்ரா. அடுத்த ஞாயிறு ஈரோட்டில் போட்டி. தறிச் சத்தத்தைத் தவிர வேறு கைதட்டலே கேட்டறியாதவர்களுக்கு அது பெரிய கனவு.

"டீச்சர், நம்ம குழு பேரு எங்கெங்க?" என்று கேட்டார் முத்தாயம்மாள்.

"இடமே இல்லைங்கக்கா."

"அடியில இருக்குதல்ல?"

"தண்ணிக்குள்ள இருக்கறதை யாருங்கக்கா பாப்பாங்க?"

"மீனு பாக்கட்டும். பெருசா எழுதச் சொல்லுங்க."

தொடக்க விழா அன்று ஊரே கரையில் கூடியிருந்தது. பத்திரிகைக்காரர்கூட வந்திருந்தார்.

"நாங்க ஏறாமத் தொடக்கமா?" என்றார் அர்த்தநாரி.

"சரிங்கண்ணா." ஒரு பெண் இறங்கினாள்.

"என்ற மச்சான் ஆசைப்படறான்." இன்னொருத்தி இறங்கினாள்.

பொன்னாத்தாள் பட்டுச்சேலையோடு மருமகளையும் கூட்டிக்கொண்டு ஏறினார். தமிழரசு தன் பங்காளியோடு ஏறினார். கடைசியில் முரசோடு முத்தாயம்மாளும், துடுப்போடு நாலு பெண்களும்தான் மிஞ்சினார்கள்.

அர்த்தநாரி திரும்பிப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார். "டீச்சர், இதே செட்டு ஈரோட்டுக்கும் போயிரட்டுமுங்க. தறிக்காரங்க கரையில நின்னு கைதட்டட்டும்."

கரையில் நின்ற பெண்கள் முகம் செத்துப்போயிற்று. முடியாது என்று சொல்லத்தான் சித்ரா வாயைத் திறந்தார்.

"சரிங்கண்ணா" என்றது வாய்.

முத்தாயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நன்கொடையாளர் ஒவ்வொருவருடைய மிதவைச் சட்டை வாரையும் இழுத்துப் பார்த்து இறுக்கினார்.

"நல்லா மாட்டிக்குங்க சாமி."

"என்ன மருவாதி பாத்தியா!" என்று நெகிழ்ந்தார் பொன்னாத்தாள்.

முரசு முழங்கியது. படகு நாலடி போனது. கேமராவைக் கண்டதும் தமிழரசு துடுப்பை வானத்துக்குத் தூக்கினார். அவர் பங்காளியும் தூக்கினார். அந்த நேரம் பார்த்து முரசின் தாளம் மாறியது. படகு ஒரு பக்கமாகப் படுத்தது. அப்படியே புரண்டது.

நெஞ்சளவுத் தண்ணீரில் போர்வெல்ஸும் கோழிப்பண்ணையும் ஜவ்வரிசியும் விளம்பரப் பலகைகள் போல மிதந்தன. கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தில், வெயிலில் பளபளவென்று, முழ உயர எழுத்தில்: "வெண்ணந்தூர் தறிப் பெண்கள் படகுக் குழு."

கரையில் விசில் பறந்தது. கேமரா விடாமல் மின்னியது.

கரையேறிய அர்த்தநாரி தண்ணீரைத் துப்பிக்கொண்டே கத்தினார். "இனி என்ற ஊட்டு நாயிகூட இதுல ஏறாது! ஈரோட்டுக்கு நீங்களே போய்ச் சாவுங்க!"

பொன்னாத்தாள் பட்டுச்சேலையைப் பிழிந்தபடி காருக்கு நடந்தார். தமிழரசு மட்டும் திரும்பி நின்று, "பேரு அழியாமப் பாத்துக்குங்க" என்றுவிட்டுப் போனார்.

சித்ரா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் என்னாலதானுங்கக்கா. படகைத் திருப்பற துடுப்பு என் கையிலதான இருந்துச்சு? இத்தனை பேரைக் கவுத்துப்போட்டேனே!"

நாலு பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். முத்தாயம்மாள் முரசைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கேட்டார்:

"நீங்க ஏனுங்க டீச்சர் அழுவறீங்க? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரித்தான் முரசு மாறுனதும் அஞ்சு பேரும் ஒரே பக்கமாச் சாஞ்சோம், சரியாச் செஞ்சமுங்களா?"