கெடார் பச்சைமுத்துவின் தீவு

ஒரு மனிதன் நடுக்கடல் தீவில் தன்னந்தனியாகக் கிடந்த பன்னிரண்டு வருஷத்துக்கு விழுப்புரத்தில் விலை அரையணா. அது தரை டிக்கட். பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றரையணா. நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவன் பட்டினியைப் பார்க்க வேண்டுமென்றால் நாலணா.

படம் ஊமை. பட்டணத்தில் பேசும் படம் வந்து இரண்டு வருஷம் ஆகியும் முத்துசாமியின் டெண்டுக் கொட்டகைக்கு அது வந்து சேரவில்லை. ஊமைக்கு வாயாக விருத்தாசலத்தை மாதம் ஒன்பது ரூபாய்க்கு வைத்திருந்தார். திரைக்குப் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு கதை சொல்வது அவன் வேலை. அலை வந்தால் அவனே அலை. ஆடு வந்தால் அவனே ஆடு.

திங்கட்கிழமை, விழுப்புரத்தில் முதல் ஆட்டம். தரைக்குப் பெண்ணையாற்று மணல் கொட்டியிருந்தது. கடலையே பார்த்திராத ஜனங்கள் அந்த மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை வெளிச்சம் முகங்களில் நீர்போல் அசைந்தது.

ஐந்தாவது ரீலின் முடிவில் தீவுக்காரன் குன்றின்மேல் தீ மூட்டினான். தொலைவில் ஒரு புள்ளி. கப்பல்! கரைக்கு ஓடி வந்து கைகளை வீசினான். அத்தோடு திரை வெள்ளையாகிவிட்டது.

விருத்தாசலம் இருட்டில் தடவிக்கொண்டு ஆபரேட்டர் இருதயராஜிடம் ஓடினான்.

"அண்ணே, ஆறாவது ரீல் பெட்டியைக் காணோம். போன வாரம் ஆடுன திண்டிவனத்துலயே தங்கிப்போச்சு" என்றான் இருதயராஜ்.

"எண்ணித்தானேடா வண்டி ஏத்துன?"

"முப்பத்தொரு உருப்படின்னு எண்ணித்தான் ஏத்துனேன். இப்பவும் முப்பத்தொண்ணு இருக்குது. அதுதான் பேஜாரா இருக்குது."

கொட்டகையில் விசில் பறந்தது. "யோவ், கப்பல் எங்கய்யா?"

"வந்துகினு இருக்குதுங்க!" என்று விருத்தாசலம் கத்தினான். "நடுக்கடலு இன்னா விழுப்புரம் ஜங்ஷனா, டயத்துக்கு வந்து நிக்க? நாளைக்கு வந்துரும்!"

சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். முத்துசாமி மட்டும் சிரிக்கவில்லை. "த பாரு விருத்தாசலம், நாளைக்கும் கப்பல் வரலன்னா காசைத் திருப்பிக் கேப்பானுங்க. அத்தனையும் உன் சம்பளத்துலதான் புடிப்பேன்."

மறுநாள் காலைப் பாசஞ்சரில் இருதயராஜ் திண்டிவனம் போனான். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தான். கப்பல் இல்லாமலே கூட்டத்தைச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

"இவன் வெள்ளைக்காரன்தானே?" என்றது தரை டிக்கட்டிலிருந்து ஒரு குரல். "ஒலகத்துல இருக்கற கப்பலெல்லாம் அவனுதுதான். ஒண்ணு போனா ஒண்ணு வருது. இதுக்குப் போயி நாம ஏன் ரெண்டு நாளாக் கவலைப்பட்டுக்கினு கெடக்கறோம்?"

நியாயமான கேள்வி. சரக்கின்மேல் ஆசை போய்விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது விருத்தாசலத்துக்குத் தெரியும்.

"வெள்ளைக்காரன்னு யாரு சொன்னது? நம்ம ஆளுங்க! உப்புக்காத்துல வெளுத்துட்டான்!"

"நம்ம ஆளா? எந்த ஊரு?"

திரை வெளிச்சத்தில் அவன் கால்களுக்கு நடுவே, மூட்டைமேல் தாரில் எழுதியிருந்தது தெரிந்தது. அப்படியே படித்தான்.

"கெடாரு! பேரு பச்சைமுத்து!"

கொட்டகை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. அதற்குப்பின் தீவுக்காரன் இளநீர் வெட்டியபோது கைதட்டினார்கள். முள் குத்தியபோது "ஐயோ" என்றார்கள். கப்பல் வராமல் திரை வெள்ளையானபோது ஒருவரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. "பாவம், நாளைக்காவது வரட்டும்" என்று எழுந்து போனார்கள்.

புதன்கிழமை கெடாரிலிருந்து மூன்று மாட்டுவண்டிகள் வந்து நின்றன.

முதலில் இறங்கியவர் பெரிய மீசையும் வெள்ளைத் துண்டுமாக இருந்தார். "எம் பேரு பெரியசாமி. படத்துல இருக்கறவன் எந் தம்பியாம். எங்கிட்ட டிக்கட்டா கேக்கறீங்க?"

முத்துசாமி ஒரு நொடியில் கணக்குப் போட்டார். "பெஞ்சாதிக்குக் காசு வேணாம். அண்ணனுக்குப் பாதி. மத்தவங்களுக்கு முழுசு."

பெஞ்சாதி கெங்கம்மாள் முன்வரிசை மணலில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். திரையில் தீவுக்காரன் வந்ததும் பெரியசாமி எழுந்துவிட்டார்.

"எந் தம்பி கறுப்பாச்சே!"

"உப்புக்காத்துங்கய்யா" என்றான் விருத்தாசலம் பலவீனமாக.

"மூக்கு இவ்ளோ நீளம் கெடையாது!"

"பட்டினியில மூக்கு நீண்டுக்குங்க."

"பன்னெண்டு வருசம்னு சொன்னியாமே? அவன் கப்பலேறி ஏழு வருசம்தான் ஆவுது!"

"தீவுல வருசம் சின்னதுங்கய்யா. ஜல்தியா முடிஞ்சிரும்."

பெரியசாமி நம்பவில்லை. நம்ப அவருக்கு இஷ்டமும் இல்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "ரங்கோனுக்குப் போனவன் ஒரு காயிதம் போடல. செத்துட்டான்னு முடிவு பண்ணி, வர்ற ஞாயித்துக்கெழமை கருமாதி வச்சிருக்கேன். தாலிய எறக்கிட்டா இவ பொறந்த வூட்டுக்குப் போயிருவா. அவன் ரெண்டு காணி எம் பங்கோட சேந்துக்கும். இந்த நேரத்துல இது ஒரு கூத்து!" கெங்கம்மாள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. இது பச்சைமுத்துவா?"

அவள் திரையையே பார்த்தாள். அங்கே தீவுக்காரன் தானே கட்டிய குடிசை வாசலில், தானே வளர்த்த ஆட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுடைய கை மணலை அள்ளி மெதுவாக விரல் வழியே விட்டது. அப்புறம் தலையை அசைத்தாள். ஆமாம்.

பெரியசாமி தொப்பென்று உட்கார்ந்தார்.

இரவெல்லாம் விருத்தாசலத்துக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினான். கொட்டகை வாசலில் கெடார் ஜனங்கள் கேப்பை மாவும் கம்பளிப் போர்வையும் ஒரு புது அரிவாளும் கட்டிவைத்துக்கொண்டு நின்றார்கள். "கப்பல் போறப்ப பச்சைமுத்துகிட்ட குடுத்தனுப்புங்க."

முத்துசாமி மூட்டைக்கு ஓரணா வீதம் கப்பல் கூலி வாங்கிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, இன்னா இது? தெரிஞ்சா உரிச்சுருவாங்க!"

"அதனாலதான் சொல்றேன், தெரியக்கூடாது."

அன்று மாலையும் கெங்கம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்தாள். கப்பல் கண்ணில் பட்ட நேரத்தில் ஜங்ஷனில் ஏதோ வண்டி நீளமாக ஊதியது. கப்பல்தான் ஊதுகிறது என்று கொட்டகை மொத்தமும் எழுந்து நின்றது. அவள் மட்டும் எழவில்லை.

வெள்ளிக்கிழமை இருதயராஜ் மறுபடியும் திண்டிவனம் போய், தலையில் தகரப் பெட்டியோடு ஆடிக்கொண்டே வந்தான்.

"கெடைச்சுதுண்ணே! குட்ஸ் செட்டுப் பக்கத்துல ஒரு மல்லாட்டை மண்டிக்காரரு எடுத்து வச்சிருந்தாரு. அவரு மூட்டை ஒண்ணு நம்ம வண்டியில ஏறிப்போச்சாம். திருப்பிக் கேட்டாரு."

விருத்தாசலம் குனிந்து பார்த்தான். ஐந்து நாளாகக் கொட்டகை ஆட்கள் உள்ளேயிருந்த வேர்க்கடலையை வறுத்துத் தின்றதில் அவன் ஆசனம் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. "அதை விடு. ரீல் வந்துச்சே. இன்னியோட பச்சைமுத்து கரையேறிடுவான். கருமாதியும் நின்னுபோவும்."

இருதயராஜ் ஆட்டத்தை நிறுத்தினான். "அண்ணே, கடைசியில இன்னா வரும்னு மறந்துட்டியா? கப்பல்லேருந்து ஒரு தொரசானி குடை புடிச்சுக்கினு எறங்குவா. இவன் ஓடிப் போயி அவளைக் கட்டிப் புடிச்சு..."

"ஐயோ!"

"...அது முடிய ரெண்டு நிமிசம் ஆவும்."

அந்தச் சமயத்தில் பெரியசாமி வந்தார். "யோவ், கேட்டுக்க. இன்னிக்குக் கப்பல் வரணும். வரலன்னா இது பித்தலாட்டம், ஞாயித்துக்கெழமை கருமாதி நடக்கும். உனக்குத் தனியா நடக்கும்."

கப்பல் வர வேண்டும். வந்தால் துரைசாணி இறங்கக் கூடாது. தீவுக்காரன் சாகவும் கூடாது, ஏறவும் கூடாது. எந்தத் தரகனாலும் முடித்துவைக்க முடியாத பேரம் அது. விருத்தாசலம் ஒரு பிடி மல்லாட்டை தின்கிற நேரம் யோசித்தான்.

"இருதயராஜு, கைப்பிடியைப் பின்னால சுத்துனா இன்னா ஆவும்?"

அன்று கொட்டகையில் மூச்சுவிட இடமில்லை. ஐந்தாவது ரீலின் வாலோடு ஒட்டிவைத்த ஆறாவது ரீல் ஓடியது. கப்பல் வந்தது. பெரிதாகி, பாயெல்லாம் வெளுத்து, திரை நிறைய வந்தது. படகு இறங்கியது. படகில் ஏதோ குடை முளைக்கிற சமயத்தில் விருத்தாசலம் இருமினான்.

படகு நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது. தண்ணீரிலிருந்து எழும்பிக் கப்பலுக்குள் போயிற்று. கப்பல் சிறுத்தது. அலைகள் கரையை விட்டுவிட்டுத் தங்களைத் தாங்களே சுருட்டிக்கொண்டு கடலுக்குத் திரும்பின. பறவைகள் வால் முன்னாக வானத்தில் போயின. கப்பல் ஒரு புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போனது. தீவுக்காரன் பின்னடியாகவே நடந்து குன்றேறினான். வானத்துப் புகையெல்லாம் இறங்கி வந்து அவன் காலடித் தீக்குள் ஒடுங்கியது. கடல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

விருத்தாசலத்தின் குரல் யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் வந்தது. "வந்துச்சுங்க கப்பலு. பாத்தான் பச்சைமுத்து. நாம கட்டுன குடிசை, நாம வளத்த ஆடு, நாம வச்ச அடுப்பு. யாரும் கேள்வி கேக்கற எடம் இல்ல இது. போயிட்டு அப்புறமா வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டானுங்க."

ஒரு விசில் இல்லை.

பெரியசாமிதான் துண்டை உதறினார். "இப்படி உசுரோட உக்காந்திருக்கறவனுக்கு எப்படிய்யா கருமாதி பண்றது?" திட்டிக்கொண்டே வண்டிக்குப் போனார்.

கெங்கம்மாள் போகவில்லை. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து விருத்தாசலத்திடம் வந்தாள். அவன் கைகூப்பிவிட்டான்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. அது உங்க வூட்டுக்காரரு இல்ல. மூட்டையில எழுதியிருந்த பேரை வாய்க்கு வந்தபடி சொல்லிட்டேன்."

"தெரியும் தம்பி" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இறங்கிப்போன மூட்டையைக் காலால் தொட்டுக் காட்டினாள்.

"இதைத் திண்டிவனத்துல இதுல தன் பேரை எழுதி வச்சிருக்கற அந்த மண்டிக்காரருகிட்டத் திருப்பிக் குடுக்கறப்ப, எம் புருசன் இனிமேட்டும் கரையேற வேணாம், அங்க சேத்துக்கினவளோட அங்கியே சவுரியமா இருக்கட்டும்னு நான் சொன்னதா அவருகிட்டயே சொல்லிடு. ஏழு வருசமா ரங்கோனுக்குப் போயிட்டாருன்னு ஊருல சொல்லிக்கினு, என் ரெண்டு காணியில நிம்மதியா இருக்கேன். இந்தா, மூணு நாளு தரை டிக்கட்டு ஒண்ணரையணா, கப்பலைத் திருப்பி அனுப்புனதுக்கு அரையணா, ஆக ரெண்டணா. எண்ணிக்க, பாக்கி இல்ல."