முத்திரை சாரும் துப்பாக்கித் தாங்கியும்

காரைக்கால் மாவட்டத்தில் ஒரு கிலோ இன்றைக்கும் ஒரு கிலோவாகவே இருக்கிறதென்றால் அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். இதை நான் எந்தக் கோயில் வாசலிலும் கற்பூரம் அணைத்துச் சொல்லத் தயார். அவர் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கடைத் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் முத்திரை சார். அவர் மனைவியே போனில் "முத்திரை சார் வீட்டுலேருந்து பேசறேங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

உத்தியோகத்தில் இருந்தவரை அவர் யாரையும் விட்டதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், வருங்கால மாமனாரின் மளிகைக் கடைத் தராசு ஒரு பக்கம் இழுப்பதைக் கண்டு, காபி குடித்த கையோடு அதற்கு சீல் வைத்துவிட்டு, "பொண்ணு புடிச்சிருக்குங்க" என்று சொன்னவர்.

எங்கள் ஊரில் புதுச்சேரி அரசாங்க வேலை பார்ப்பவருக்கு மாற்றல் என்றால் மாஹே, இல்லாவிட்டால் ஏனாம். ஒன்று கேரளத்துக்குள், மற்றது ஆந்திரத்துக்குள். சார் இரண்டுக்கும் இரண்டிரண்டு முறை போய்வந்தார். பலனாக, 'உன் தராசு சரியில்லை' என்று மலையாளத்திலும் தெலுங்கிலும் சொல்லத் தெரியும். அந்த மொழிகளில் வேறு எதுவும் தெரியாது. தெருமுனையில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவரிடம் அதையே பிரெஞ்சிலும் கேட்டு வைத்துக்கொண்டார், எதற்கும் இருக்கட்டுமென்று.

அவர் ஓய்வு பெற்றதும் ஊர்க் கடைக்காரர்கள் மூச்சுவிட்டார்கள். சார் ஆன்லைனில் பொருள் வாங்கி மதிப்புரை எழுத ஆரம்பித்தார். ஒரு டீ வடிகட்டிக்கு நான்கு பக்கம். நான் என் கட்டுரைத் தொகுப்பைக் கொடுத்தபோது, பிரித்துக்கூடப் பார்க்காமல் தராசில் வைத்தார்.

"முன்னூத்தி நாப்பது கிராம். உள்ள சரக்கு எவ்வளவுன்னு இந்தத் தராசுல தெரியாதுங்களே, எழுத்தாளரே."

அந்தப் புத்தகத்துக்கு வந்த மதிப்புரைகளில் அதுதான் நியாயமானது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கொசுவலை ஸ்டாண்டு ஆர்டர் செய்தார். வந்தது துப்பாக்கித் தாங்கி. மூன்று அலுமினியக் கால்கள், உச்சியில் உண்டிவில் மாதிரிப் பிளந்த, ரப்பர் ஒட்டிய ஒரு கவை. காலை விரித்து, துப்பாக்கியைக் கவையில் கிடத்திக் குறி பார்த்தால் ஆட்டமே இருக்காதாம். மடித்தால் குடை அளவு. எங்கும் தூக்கிப் போகலாம், எடை எண்ணூறு கிராம்தான் என்று பெட்டியில் போட்டிருந்தது.

"திருப்பி அனுப்பிடலாமே சார்" என்றேன்.

"சோதிக்காம ஒரு பொருளைத் திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கமில்லீங்க."

எடை எண்ணூற்றுப் பன்னிரண்டு இருந்தது. "கூடுனாலும் தப்பு தப்புதான்" என்றார். எங்கும் தூக்கிப் போகலாம் என்ற வாக்கைச் சோதிக்க, அதை என்னிடம் கொடுத்து அரசலாற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வரச் சொன்னார். வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து என் மூச்சை எண்ணினார். 'பொருள் லேசு, ஆள் கனம்' என்று குறித்துக்கொண்டார். பிறகு துப்பாக்கிக்குப் பதில் ஒட்டடைக்கோலைக் கவையில் வைத்து, மின்விசிறியை ஐந்தில் ஓடவிட்டு, ஆட்டத்தை ஸ்கேலால் அளந்தார். அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இன்னொண்ணும் இப்படித் தப்பா வந்துச்சுன்னா, நடுவுல கயிறு கட்டித் துணி காயப்போடலாம்."

ஆனால் துப்பாக்கி இல்லாமல் துப்பாக்கித் தாங்கியைப் பற்றி எழுத அவர் மனசு ஒப்பவில்லை. காவல் நிலையத்துக்குப் போய், "அரை மணி நேரத்துக்கு ஒரு ரைபிள் வேணுங்க" என்று கேட்டார். ஏட்டு அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க இவருகூட வந்தவரா?" என்றார். இல்லை என்று சொல்லி, சட்டைப் பையில் பத்திரமாக இருந்த ரேஷன் கார்டு தொலைந்துவிட்டதாக ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்து ஒரு வங்கி வாசலில் நின்ற காவலர். "சார், இதத் தோள்ல மாட்டுறதுக்குத்தான் சம்பளம். சுடுறதுக்கு இல்லீங்க" என்று கும்பிட்டார்.

மிஞ்சியது கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். பட்டினச்சேரியிலிருந்து வரும் செல்வி என்கிற அம்மாள், ஒரு பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி, ஒரே ஒரு காற்றுத் துப்பாக்கியை வைத்துப் பிழைத்துவந்தார். காசு கொடுத்தால் பத்துக் குண்டு. வெடித்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

சார் மணலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தாங்கியை விரித்து, ரசமட்டம் வைத்து நேராக்கி, துப்பாக்கியைக் கவையில் கிடத்தினார். கூட்டம் சேர்ந்துவிட்டது. முதல் குண்டு, பலூனுக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளிப் பலகையில் பட்டது. இரண்டாவதும் அங்கேயே. பத்தும் அங்கேயே. ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் அத்தனை குண்டடியையும் மூடிவிடலாம்.

"மாமா பலூனச் சுடலடா, பக்கத்து வீட்டச் சுடுறாரு" என்றது ஒரு குரல்.

சார் நிமிரவில்லை. பத்தும் ஒரே இடத்தில் விழுந்தால் தாங்கி இம்மியும் ஆடவில்லை என்று அர்த்தம். தாங்கி ஆடாமல் குறி தப்பினால் கோளாறு துப்பாக்கியில் என்று அர்த்தம். இது எனக்கே புரிந்தது என்றால் அவருக்குப் புரியாதா? செல்விக்கு எப்போதோ தெரிந்திருந்தது. பலூன் எடுக்கும் சாக்கில் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்:

"நான் வளைக்கலீங்க சார். வாங்குனப்பவே குழலு இப்படித்தான். நேரா இருந்தா எல்லாம் வெடிச்சுப்புடும். ஒத்த வாய வச்சுக்கிட்டு நான் எத்தனைய ஊதுவேன்?"

அதற்குள் துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒருவர் முன்னால் வந்தார். நாலு வாரமாக மனைவி முன்னால் குறி தப்பிக்கொண்டிருப்பவர்.

"சார், நீங்க முத்திரை ஆபீசருதானே? இந்தத் துப்பாக்கி கோணலா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. கோணல்னா, நாலு வாரக் காச வாங்காம நான் இந்த எடத்த விட்டுப் போகமாட்டேன்."

"நாங்களுந்தான்" என்றார்கள் இன்னும் நாலைந்து பேர்.

செல்வி துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். கோணல் என்று சார் சொன்னால் அவர் பிழைப்பு அன்றோடு முடிந்தது. சொல்லாவிட்டால், மாமனாரையே விடாத முத்திரை சார் அன்றோடு முடிந்தார். இப்படிப்பட்ட தருணங்களில் துணை நிற்பவன்தான் நண்பன் என்பதால், நான் மெல்ல ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் நகர்ந்தேன்.

சார் தாங்கியின் இடது காலை விரலால் தட்டினார். ரசமட்டத்தை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"துப்பாக்கில ஒண்ணும் இல்லீங்க. இந்த ஸ்டாண்டுக்கு ஒரு கால் குட்டை. மட்டமான பொருளு."

"அப்ப நாலு வாரமா நான் விட்டது?"

"அது உங்க கைங்க."

"அதத்தான நானும் சொல்றேன்" என்று துபாய்க்காரரின் மனைவி முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். கூட்டம் சிரித்தபடி கலைந்தது. சார் எழுந்து, செல்விக்கு மட்டும் கேட்கும்படி, "ஏழு நாள் டைம். லேத்துல குடுத்து நேராக்கியிருக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழம வந்து பாப்பேன்" என்றார்.

அந்தத் தாங்கிக்கு அவர் இன்றுவரை மதிப்புரை எழுதவில்லை. நல்ல பொருள் என்று எழுதினால் கடற்கரையில் சொன்னது பொய்யாகும். மட்டம் என்று எழுதினால் எழுதியது பொய்யாகும்.

அடுத்த ஞாயிறு நான் தனியாகத்தான் போனேன். தூரத்திலேயே படபடவென்று சத்தம் கேட்டது. குழல் நேராகியிருந்தது, ஊரில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் குறி பார்க்க வந்துவிட்டது. துபாய்க்காரர் பத்துக்கு எட்டு வெடித்தார். வாரம் முழுக்க மொட்டைமாடியில் கையை ஆடாமல் நீட்டிப் பழகியதன் பலன் என்று வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

செல்விக்குக் காசு வாங்கவும் குண்டு போடவுமே கை போதவில்லை. பலகைக்குப் பின்னால் மணலில் சம்மணம் போட்டு, கன்னம் இரண்டும் புடைக்க, கண் பிதுங்க, முத்திரை சார் பலூன் ஊதிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

வாயிலிருந்து பலூனை எடுக்காமலே பக்கத்து மணலைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். என் மடியிலும் ஒரு கட்டு பலூன் விழுந்தது.

அவர் ஊதியதில் ஒன்று பூசணி அளவு, ஒன்று எலுமிச்சை அளவு. எந்த இரண்டும் ஒரே அளவில் இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.