வலது பெருவிரலின் ஆட்சேபம்

உடுப்பிட்டி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

முத்துக்குமாரு எழுதுவது. இங்கு அக்காவும் நானும் சுகம். வவுனியாக் கந்தோரில் வேலை பார்க்கும் நீங்களும் சுகமாயிருக்கக் கந்தனை வேண்டுகிறேன். போனில் சொன்னால் உங்கள் மகள் சுபாஜினி கேட்டுவிடுவாள். அதனால் கடிதம்.

என்னிடம் உயிரியல் படித்த லக்சன், என் ரியூசன் கொட்டிலுக்கு எதிரிலேயே கொட்டில் போட்டிருக்கிறான். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வீதியைக் கடந்து அவனிடம் போய்விட்டார்கள். மிஞ்சியது சுபாஜினி ஒருத்திதான். அவளும் யன்னலால் அந்தப் பக்கமே பார்க்கிறாள். எனக்குப் பொறாமை என்று அக்கா சொல்கிறா. ஓம், பொறாமைதான். வயிறு எரிகிறது அத்தான்.

அப்படி என்னதான் படிப்பிக்கிறான் என்று அவன் வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். டிஎன்ஏயில் புரதம் தனக்குரிய இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எழுத்துகளை வாசித்து என்று முப்பது வருடம் சொன்னவன் நான். அவன் சொல்கிறான்: "வாசிக்கிறது பாதிதான் பிள்ளையள். மிச்சம் தடவிப் பாத்துத்தான். எழுத்து மாற இழையின்ரை வடிவமும் மாறும். ஓரிடத்திலை பள்ளம் ஒடுக்கம், ஓரிடத்திலை அகலம். ஓரிடம் லேசா வளையும், ஓரிடம் விறைப்பு. கோயில் வாசலிலை நூறு செருப்புக் கிடந்தாலும் உங்கடை கால் உங்கடை செருப்பை அறியுதெல்லோ? நம்பரைப் பாத்தே? குதி பதிஞ்ச பள்ளத்தையும் மடங்கிற இடத்தையும் வைச்சுத்தான்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். என் வகுப்பில் நான் கேட்டது கொட்டாவி மட்டுமே.

இவனைப் பொய்யாக்காமல் விடுவதில்லை என்று கோயிலுக்குப் போனேன். கும்பிட்டு வந்து, கண்ணாடியைப் போட்டு, வாசித்தே செருப்பை எடுத்தேன்: கறுப்பு, எட்டாம் நம்பர், அதே கொம்பனி. மாட்டியதும் வலது பெருவிரல் "இது எங்கடை இல்லை" என்றது. நம்பர் சரி, பேசாமல் வா என்று நடந்தேன். மடங்க வேண்டிய இடத்தில் அது மடங்கவில்லை, தடக்கித் தடக்கிச் சந்திவரை போய்விட்டேன். பின்னால் கோயில் பக்கமிருந்து லக்சன் வெறுங்காலோடு சைக்கிளில் வந்தான், கையில் ஒரு சோடி செருப்பு.

"குறை நினையாதேங்கோ சேர், நீங்கள் போட்டிருக்கிறது என்ரை."

"நம்பர் எட்டுத்தானே?"

"உங்கடையும் எட்டுத்தான் சேர். போட்டுப் பாத்தன், கால் மாட்டன் எண்டிட்டுது."

அவன் குனிந்து என் செருப்பை வைத்தான். நான் பார்க்கவே இல்லை, கால் தானாக உள்ளே போய்விட்டது. அந்தச் சுகத்தை முகத்தில் காட்டாமலிருக்க நான் பட்ட பாடு!

ஆகவே அத்தான், சுபாஜினியை எக்காரணம் கொண்டும் அங்கே விடாதீர்கள். அவளும் போனால் பிள்ளைகள் இருந்த வெறும் வாங்குகளுக்குத்தான் நான் படிப்பிக்க வேண்டும். லக்சன் நீங்கலாக எல்லோருக்கும் கந்தன் நல்லருள் புரியட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன் முத்துக்குமாரு

பி.கு.: திங்கள் முதல் சுபாஜினி லக்சனிடமே போகட்டும். கடைசி வாங்கில் நான் இருப்பேன், திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். வேலிக்கு வெளியே நின்றால் கரும்பலகை தெரிகிறதில்லை.