முதலாம் நிலையில் மூன்று முறை செத்த தங்கச்சிக்கு

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கச்சி பேர்ணடெற்றுக்கு,

உன் அண்ணன் இராஜநாயகம் எழுதிக்கொள்வது. என் முழங்கால் இரண்டையும் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மகள் ஷெரோமியும் ஹெந்தளையில் சுகமாக இருக்க அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். மூன்று கிழமையாக நீ போன் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தை நீ கட் பண்ண முடியாது.

நடந்தது முழுக்க என் பிழை. என் கூட்டாளி ரொனியின் மகன் கனடாவிலிருந்து வந்தபோது விட்டுப்போன இருபது முகத் தாயக்கட்டையை வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற மனிதன் சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ மாறி, கட்டையை உருட்டிக் கதையை நடத்துகிற அந்த விளையாட்டுக்கு நானே விதிகள் எழுதினேன். எழுதியவன் யார்? துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் எழுதுவினைஞராக, அதாவது கிளார்க்காக, இருந்தவன். புதிதாகச் சேருகிறவனுக்கு மூன்று வருடம் தகுதிகாண் காலம், அதுவரை கதிரையில் சாய்ந்துகூட இருக்கக் கூடாது என்று பழகியவன். ஆகவே என் விளையாட்டில் முதலாம் நிலை வீரன் வாளைத் தொடக் கூடாது, மூத்த வீரனின் வாளைத் துடைக்கலாம். முதலாம் நிலை மந்திரக்காரி மந்திரம் சொல்லக் கூடாது, விளக்குப் பிடிக்கலாம். உயிர்ப்புள்ளி இரண்டே இரண்டு. கோட்டைக்குள் போக நியமனக் கடிதம், மூன்று பிரதிகள். இதை எழுதி முடித்தபோது எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

உன்னையும் மகளையும் விட்டு மெல்ரோய் மோட்சம் போனபிறகு நீ கோயிலுக்கும் கடைக்கும் தவிர வெளியே போவதில்லை என்று ஷெரோமி அழுததால்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீயும் பஸ் ஏறி, கேக்கும் செய்து எடுத்துக்கொண்டு வந்தாய். "அண்ணா, நான் புயலைக் கூப்பிடுற மந்திரக்காரியா இருக்கட்டே?" என்று கேட்டபோது உன் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? "அது நாலாம் நிலையில. இப்ப விளக்கைப் பிடி" என்றேன். நீ பிடித்தாய். கோட்டை வாசலில் காவல்காரனின் நாய் கடித்தது. கடிக்கு மூன்று புள்ளி, உன்னிடம் இருந்தது இரண்டு. செத்தாய். புது மந்திரக்காரியாக இரண்டாம் முறை வந்தாய், மூன்றாம் பிரதி இல்லையென்று திருப்பி அனுப்பினேன், வழியில் வெயில் பட்டுச் செத்தாய். மூன்றாம் முறை வந்த உன் மந்திரக்காரி விளக்கோடு படியில் தடுக்கி விழுந்து செத்தாள். நீ கட்டையை மெதுவாக மேசையில் வைத்தாய்.

"பத்து மாசம் ஆஸ்பத்திரியில இதைத்தானே அண்ணா பார்த்தனான். இங்க வந்தும் இதையே பார்க்கோணுமே?"

அதற்கு நான் சொன்ன பதில், "விதி அப்பிடித்தான் பிள்ளை." அந்தச் சொல்லை விழுங்கிவிட முடியுமானால் கேக்கில்லாமல் விழுங்கியிருப்பேன். நீ குடையை எடுத்துக்கொண்டு போனாய். கேக்கை யாரும் வெட்டவில்லை. பக்கத்துப் பார்மசியில் வேலை செய்கிற ஸமீமாதான் எங்கள் மூன்றாவது ஆள் என்று உனக்குத் தெரியும். அவள் என்னை வெட்டினாள்.

"அங்கிள், புதுசா வார ஆளுக்கு ஒரு வேலையாவது ஒழுங்காச் செய்யக் குடுக்கணும்தானே? நாய்ட்ட கடிபட்டுச் சாகவா அவங்க அவ்வளவு தூரம் வந்தாங்க?"

ரொனியும் விடவில்லை. "மச்சான், உன்ர முதலாம் நிலையில நீயே பத்து நிமிசம் தாங்கமாட்டாய்." நான் தனியே விளையாடிப் பார்த்தேன். நாலு நிமிடம்.

அன்றிலிருந்து திருத்துகிறேன். உயிர்ப்புள்ளியை ஐம்பதாக ஏற்றினேன். நாயும் சாகவில்லை, நாங்களும் சாகவில்லை, சண்டை ஒரு மணித்தியாலம் இழுபட, ரொனி நித்திரை. அதை அடித்துவிட்டு, தொடக்கத்திலேயே எல்லா மந்திரமும் கொடுத்தேன். ஸமீமா முதல் உருட்டிலேயே கோட்டையை எரித்தாள். எங்களுக்கு வேலை தரவேண்டிய ராசாவும் உள்ளே இருந்தார். கடைசியில் இப்படி எழுதினேன்: முதலாம் நிலை மந்திரக்காரிக்கு ஒரே ஒரு மந்திரம், ஒரு சின்ன மழை. கட்டையில் எந்த எண் விழுந்தாலும் அது பெய்யும். புள்ளி முடிந்தால் சாவு இல்லை, மயக்கம்தான். பக்கத்தில் இருப்பவர் கைகொடுத்து எழுப்பலாம். இதை எழுத எனக்கு இருபது நாள் பிடித்திருக்கிறது. பக்கத்தில் இருந்தும் உனக்குக் கைகொடுக்காத ஆள் நான்தான். மன்னித்துக்கொள், தங்கச்சி. நீ திரும்பி வராவிட்டால் இந்த விளையாட்டையே மூட்டைகட்டி ரொனியின் வீட்டுப் பரணில் போட்டுவிடுவேன்.

ஷெரோமிக்கு என் ஆசீர். மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
தலைகுனிந்த அண்ணன்,
இராஜநாயகம்.

பி.கு.: உறையை ஒட்டும்போது ஷெரோமி எனக்குப் போன் பண்ணினாள். "அம்மாவுக்குக் கோவம் இன்னும் தீரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன். "கோவமோ? அவவுக்கு நேரமில்ல மாமா. பாடகர் குழு அன்ரிமார் நாலு பேரைச் சேர்த்து உங்கட விளையாட்டை இங்க நடத்துறா" என்றாள். முதலாம் நிலைக்கு எத்தனை உயிர்ப்புள்ளி என்று விசாரித்தேன். "முதலாம் நிலையே இல்ல. எல்லாரும் அஞ்சாம் நிலையில இருந்துதான். கீழ்ப்படியெல்லாம் நாங்கள் இவ்வளவு வருசமா வீட்டில ஏறி முடிச்சிட்டம் எண்டு அம்மா சொல்றா." ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை இத்தால் வாபஸ் வாங்குகிறேன். எடுத்த எடுப்பிலேயே ஐந்தாம் நிலை கொடுப்பது என்ன நிர்வாகம்? ஆனால் போனில் பின்னால் நீ சிரிப்பது கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு ஒன்றரை வருடம். வருகிற சனிக்கிழமை எனக்கும் ஒரு கதிரை போட்டு வை. ஐந்தாம் நிலையில் தொடங்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வருகிறேன்.