ஹாலுக்கு வெள்ளையடிக்க மாமனாரின் மனு

அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அறிவுமதி அவர்களுக்கு,

மாமனார் கோதண்டராமன் ஆசி கூறி எழுதுவது. இங்கே ஹாலைத் தவிர எல்லாரும் நலம். உங்கள் நலமும் மகள் பூஜாவின் நலமும் அறிய ஆவல்.

தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் ஊரார் மனுக்களை வாங்கி வைத்தவன் நான். இப்போதுதான் முதல்முறையாக ஒரு மனு எழுதுகிறேன், அதுவும் மாப்பிள்ளைக்கு. எங்கள் கல்யாண நாளுக்கு நீங்கள் ஆசையாய் அனுப்பிய கரும்பச்சைப் பெயிண்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. "இப்ப சென்னையில எல்லா வீட்லயும் இதுதான் மாமா, மனசுக்கு அமைதி" என்றீர்கள். நம்பினேன். பெயிண்டர் மணிதான் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது இரும்பு கேட்டுக்கு அடிக்கிறதாச்சே?" என்று மூன்று முறை கேட்டார். மாப்பிள்ளை கொடுத்தது என்றதும், பாவம், பேசாமல் ரெண்டு கோட் அடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பகல் பதினொரு மணிக்கும் லைட் போட்டுத்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறேன். பக்கத்து வீட்டுச் சக்கரவர்த்தி வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "கரண்டு போயிடுச்சா சார்?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் லைன்மேனுக்குப் போன் போட்டுவிட்டார். அந்த மனுஷர் கம்பத்தில் ஏறி இறங்கி, ஹாலுக்குள் வந்து சுவரைப் பார்த்து, "கரண்டு இருக்குதுங்க, வெளிச்சந்தான் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஆறுவதற்குள் பௌர்ணமி வந்தது. கிரிவலம் வந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் தியான மண்டபம் என்று நினைத்து உள்ளே வந்து, சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எழுப்பக் கூச்சமாக இருந்தது. ஒரு மணி நேரம் டிவி போடாமல் நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டு வேறு போனார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். உங்கள் அத்தை விஷயந்தான் தாங்கவில்லை. முட்டி வலியால் வாசலில் குனிந்து கோலம் போட முடியாமல் போன இந்த ரெண்டு வருஷமாக, விடிந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் ரேணுகாம்பாள் ஹாலில்தான் உட்கார்ந்திருப்பாள். இப்போது அங்கேயும் உட்கார மாட்டேன் என்கிறாள். "வாசல்ல தெளிக்கிற சாணிய வீட்டுக்குள்ள மெழுகி வெச்சா மாதிரி இருக்குது. மாப்பிள்ளை குடுத்தாருனு வாய மூடிக்கினு இருக்கேன்" என்றாள். அன்று மூடின வாயை என்னிடமும் திறக்கவில்லை. அவள் பேசாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, மாப்பிள்ளை. ஆகவே, கார்த்திகை தீபம் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருமுன் ஹாலுக்கு வெள்ளையடிக்க, தாங்கள் மனம் கோணாமல் அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணாமலையார் அருளால் நீங்கள் இருவரும் நல்ல வெளிச்சத்தில் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
கோதண்டராமன்

பின்குறிப்பு: காலையில் இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினால், உங்கள் அத்தை ஹால் சுவர் முன்னால் சாக்பீஸோடு நிற்கிறாள். பதினைந்து புள்ளி வைத்து எட்டில் நிறுத்தி, பாதிக் கோலம் முடிந்துவிட்டது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "குனியவே வேணாங்க. நின்னுக்கினே போடலாம். சாணி தெளிச்ச வாசல் மாதிரியே எடுப்பா இருக்குது. வெள்ளையடிக்கிறேன்னு எவனாவது ஏணி தூக்கிக்கினு வரட்டும், பாத்துக்கிறேன்" என்றாள். ரெண்டு வருஷம் கழித்து அவள் விரலெல்லாம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். படுக்கையறைச் சுவர்கள் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. நாளைக்கு எங்கே போடுவது என்று அத்தை கேட்கிறாள். தீபத்துக்கு வரும்போது அதே பச்சையில் ரெண்டு டப்பா வாங்கி வாருங்கள்.