டிக்கியில் போன டைரக்டர்

நான் ஒரு கம்பெனிக்கு டைரக்டர். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்காதவர்கள் இல்லை. சொல்லி முடிப்பதற்குள் நானே சிரித்துவிடுவேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதைவிடப் பெரிய குறை, புது ஆட்களைக் கண்டால் எனக்கு வாய் திறக்காது. டாக்டர் "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டால் என் மருமகள் மாலதியின் முகத்தைப் பார்ப்பேன். அவள் பதில் சொல்வாள். சில நேரம் அவள் சொல்லும் இடத்தில் எனக்கு வலியே இருக்காது. ஆனாலும் தலையாட்டிவிட்டு, கொடுத்த மாத்திரையை விழுங்கிவிடுவேன். (மறுத்துப் பேசுவதற்கு மாத்திரையே தேவலை.)

என் மகன் சரவணன் சென்னை வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்து ஒரு கம்பெனி தொடங்கினான். வெளியூர்க்காரர்களை சைக்கிளில் ஆற்றங்கரை, வயல்வெளி, கோயில் என்று சுற்றிக் காட்டுகிற கம்பெனி. கம்பெனிக்கு இரண்டு டைரக்டராவது வேண்டுமாம். மாலதி அரசுப் பள்ளி டீச்சர் என்பதால் அவள் பெயரைப் போட முடியாது. வீட்டில் மிச்சம் இருந்த ஆள் நான்தான்.

கொஞ்ச நாளில் காவிரிக்கரையில் இருக்கும் ஒரு விடுதிக்காரர்கள், சனிக்கிழமை தோறும் தங்கள் விருந்தாளிகளுக்கு எங்கள் சைக்கிள்களைக் கேட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வரவேண்டும், ஒரு கீறல் இருக்கக்கூடாது. முதல் தடவை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். போய்ச் சேர்வதற்குள் ஒன்றின் கியர் வளைந்துவிட்டது, இன்னொன்றின் பெயிண்ட் உரிந்துவிட்டது. அடுத்த தடவையும் இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று விடுதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"கம்பெனி பேர்ல ஒரு கார் வாங்கி நாமளே கொண்டு போயிடலாம்மா," என்றான் சரவணன். "அதுவும் சரியா வரலைன்னா கம்பெனியை மூடிட்டு சென்னைக்கே போயிட வேண்டியதுதான். நீயும் வந்துடு."

சென்னையில் அவர்கள் இருந்தது ஒன்பதாவது மாடி. அங்கே போயிருந்தபோது லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாம் "எந்த ஃப்ளோர் ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் பயந்துகொண்டு ஒன்பது மாடியும் படியில் ஏறியவள் நான். அதனால் அந்தக் கார் சரியாக அமையவேண்டும் என்று சரவணனைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

அவன் கார் கார் என்று அலைந்துகொண்டிருந்த நாளில், ஒரு மத்தியானம் கூடத்தில் தரையில் படுத்திருந்தேன். பக்கத்தில் முன்சக்கரம் கழற்றிய சைக்கிள் ஒன்று கிடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மாலதி வாசலிலேயே நின்று சிரித்தாள். "அத்தை, நீங்களும் சைக்கிளும் ஜோடியா படுத்திருக்கீங்க. தலைக்குத் தலை, காலுக்குக் கால் அச்சா ஒரே அளவு." பார்த்தேன். உண்மைதான். முன்சக்கரம் இல்லாத சைக்கிளும் நானும் ஒரே நீளம். என்னை நீளம் என்று யாரும் சொன்னதில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஷோரூமுக்குப் போனோம். டைரக்டர் வராமல் எப்படி என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே நுழைந்ததுமே சரவணன் ஒரு சிவப்புக் காரைப் பார்த்துவிட்டான். அதன் கூரையில் ஒரு கண்ணாடி திறந்து மூடியது. அதற்குப் பெயர் சன்ரூஃபாம். (நம் ஊர் வெயிலுக்கு, இருக்கிற கூரையில் யாராவது ஓட்டை போடுவார்களா?) பக்கத்தில் வெள்ளையாக, பெட்டி மாதிரி ஒரு வண்டி நின்றது. சைக்கிளை நினைத்துப் பார்த்தால் எனக்கு அதுதான் சரி என்று பட்டது. ஆனால் டை கட்டிய சேல்ஸ் தம்பி பக்கத்திலேயே நின்றார். எனக்கு எங்கே வாய் வரும்?

அவர் எங்களை வாசலுக்கு அழைத்துப்போய், ஓட்டிப் பார்க்க வைத்திருந்த அதே மாதிரிச் சிவப்பு வண்டியின் டிக்கியைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பின்னாடி படுத்துடும் மேடம், பாத்துக்கங்க."

சீட்டை மடக்கினால் அது படுத்துவிடும் என்று அவர் சொன்னாராம். என் காதில் விழுந்தது "பின்னாடி படுத்துப் பாத்துக்கங்க" என்று. எனக்கு அது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை. சைக்கிளும் நானும் ஒரே அளவு என்று மாலதி சொல்லியிருப்பாள், அதனால்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற மூன்று பேரும் முன்பக்கம் போய் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு டிக்கிக்குள் ஏறிப் படுத்தேன்.

கால் நீட்ட இடமில்லை. முழங்கால் மோவாயைத் தொட்டது. சரி, இது ஆகாது, இறங்கிவிடலாம் என்று பார்த்தால் சேல்ஸ் தம்பி பின்பக்கம் வருகிற சத்தம் கேட்டது. படுத்திருக்கிற கோலத்தில் ஓர் அந்நிய ஆள் பார்ப்பதா என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் பக்கத்தில் வரவில்லை. "ரிமோட்லயே மூடிக்கும் சார்," என்று எங்கிருந்தோ பொத்தானை அழுத்தினார். தலைக்கு மேல் கதவு மெதுவாக இறங்கி 'டப்' என்று மூடிக்கொண்டது. வண்டி கிளம்பிவிட்டது.

"அத்தை எங்க?" என்று மாலதி கேட்பது காதில் விழுந்தது.

"ஏசில உக்காந்திருப்பாங்க. ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடலாம்," என்றான் என் மகன்.

அப்போதே ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் சேல்ஸ் தம்பி "ஏன் மேடம் இங்க இருக்கீங்க?" என்று கேட்பார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஒரு ரவுண்டுதானே, போய்த் திரும்பியதும் யாரும் பார்க்காமல் இறங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

என் மகனோ அன்றைக்குப் பார்த்துப் பொறுப்பானவனாகிவிட்டான். "தார் ரோட்ல எல்லா வண்டியும்தான் நல்லா போகும். புது ஆத்துக் கரைல விடுங்க பாப்போம்," என்றான். வண்டி கப்பிச் சாலையில் இறங்கியது. அதற்குப் பிறகு நடந்ததை என் விலா எலும்புதான் சொல்ல வேண்டும். ஒரு பள்ளத்தில் இடுப்பு சக்கர மேட்டில் இடித்தது. அடுத்த பள்ளத்தில் தலை இடித்தது. நடுவில் செருப்பு பறந்து வந்து முகத்தில் விழுந்தது.

"குலுங்கவே குலுங்காது சார். கைக்குழந்தையைத் தூங்க வச்சாக்கூட எந்திரிக்காது," என்றார் சேல்ஸ் தம்பி.

அந்த நேரம் பார்த்து, டீ குடித்தேனா என்று கேட்க மாலதி எனக்கு போன் போட்டாள். என் மடியில் போன் அதிர்ந்தது. எடுத்தேன்.

"அத்தை, எங்க இருக்கீங்க?"

"பின்னாடிதாம்மா," என்றேன் மெதுவாக.

"பின்னாடின்னா? ஷோரூமுக்குப் பின்னாடியா? அங்க எதுக்குப் போனீங்க?"

"இல்லம்மா. உனக்குப் பின்னாடி."

பிரேக் போட்ட வேகத்தில் நான் உருண்டு முன்சீட்டு வரைக்கும் போயிருப்பேன், நடுவில் சீட்டு இருந்ததால் தப்பித்தேன். டிக்கி திறந்தது. மூன்று முகங்கள் எட்டிப் பார்த்தன. சேல்ஸ் தம்பியின் முகம் வண்டியைவிடச் சிவந்திருந்தது.

"அம்மா, என்னம்மா பண்ற இங்க?" என்று சரவணன் ஒரு கையையும் சேல்ஸ் தம்பி இன்னொரு கையையும் பிடித்து இழுக்க, கால் மரத்துப் போனதால் நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். கரைக்குக் கீழே வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். டிக்கியிலிருந்து ஒரு கிழவியை இரண்டு ஆம்பிளைகள் இழுக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? கையில் நாற்று முடிச்சோடு, சேற்றுக்காலோடு கரையேறி வந்துவிட்டார்கள்.

"யாருய்யா நீ? அந்தம்மாவை எங்கேருந்து தூக்கிட்டு வர்ற?" என்று முன்னால் வந்த ஒருத்தி சேல்ஸ் தம்பியின் டையைப் பிடித்தாள்.

"அக்கா, எங்க அம்மாக்கா," என்றான் சரவணன்.

"பெத்தவளையா டிக்கில போட்டுக்கிட்டு வர்ற? உள்ள சீட்டு இல்லியா? நல்லா படிச்ச மூஞ்சிதான்."

மாலதி ஏதோ சொன்னாள். "நீ சும்மா இரு. மருமவளா நீ? அப்ப உன் வேலைதான் இது," என்று அவள் வாயையும் அடைத்துவிட்டார்கள். எனக்காக இத்தனை வருஷம் பேசிய வாய் அது. இனி நான் பேசினால்தான் உண்டு. பேசாவிட்டால் சரவணனுக்கு அடி விழும்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "யாரும் தூக்கிட்டு வரலை. நான் கம்பெனி டைரக்டர். சைக்கிள் ஏத்த வண்டி பாக்க வந்தேன். படுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர்கள் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு டையைப் பிடித்திருந்தவள், அதை விடாமலே கேட்டாள்: "சரிக்கா. படுத்ததுல எப்படி இருக்கு?"

அவ்வளவு மரியாதையாக என்னை அதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "தம்பி, அந்த சீட்டைப் படுக்கப் போடுங்க," என்றேன். அவர் ஓடிவந்து மடக்கினார். அத்தனை பேர் பார்க்க, இந்த முறை கால் நீட்டி மல்லாந்து படுத்தேன். சீட்டு மடங்கிய இடம் படிக்கட்டு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

"இடுப்புல முட்டுதாக்கா?"

"முட்டுது."

"அப்ப வேணாம்க்கா. மேல ஓட்டை வேற இருக்கு. மழைக்கு ஆவாது," என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு அவர்கள் வயலில் இறங்கினார்கள். சேல்ஸ் தம்பியின் டையில் சேற்று விரல்கள் அப்படியே பதிந்திருந்தன.

ஷோரூமுக்குத் திரும்பியதும் நான் நேராக வெள்ளை வண்டிக்குப் போனேன். பின்சீட்டைக் கழற்றி வைக்கச் சொன்னேன், படுத்தேன். தலையும் இடிக்கவில்லை, காலும் இடிக்கவில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "இதுதான்," என்றேன் படுத்தபடியே. சரவணன் சிவப்பு வண்டியின் கூரையை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தான். பிறகு வெள்ளை வண்டிக்கே கையெழுத்துப் போட்டான்.

வண்டிக்குள் என்னென்ன பொருத்துவது என்பதையும் நானே சொன்னேன். அதற்கு எனக்குப் பெரிய யோசனை தேவைப்படவில்லை. உடம்பில் எங்கெல்லாம் கன்றிப் போயிருந்ததோ அங்கெல்லாம் சைக்கிளுக்கும் இடிக்கும். இடுப்பில் இடித்த இடத்துக்குத் தென்னை நார் மெத்தை, தலை இடித்த இடத்துக்கு ரப்பர். நான் உருண்டதை நினைத்துக்கொண்டு, சைக்கிள் உருளாமலிருக்கத் தரையில் ஒரு பலகை அடித்து, முன்சக்கரம் கழற்றிய கவட்டையை அதில் பூட்டச் சொன்னேன். கட்டுவதற்குக் கயிறு வேண்டாம், பெயிண்டை அறுத்துவிடும். பழைய டியூபை நீளமாக வெட்டிக்கொள்ளலாம் என்றேன். கழற்றிய சக்கரங்களுக்கு என் பழைய போர்வையில் மாலதி உறை தைத்தாள். பட்டறைக்காரர், "யாரு சார் டிசைன் போட்டது?" என்று கேட்டாராம். "எங்க அம்மாவோட முதுகு," என்றானாம் சரவணன்.

சனிக்கிழமை நான்கு சைக்கிள்களோடு நானும் போனேன். விடுதி மேனேஜர் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. வருஷம் முழுவதும் நீங்களே கொண்டுவாருங்கள் என்றார். சென்னைப் பேச்சு அன்றோடு நின்றது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பீரோ வாங்கினாலும், பிரிட்ஜ் வாங்கினாலும், "அத்தை படுத்துப் பாத்தாச்சா?" என்று மாலதி கேட்காமல் இருந்ததில்லை. சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போனால்கூட என்னிடம்தான் கேட்கிறார்கள்.

போன மாசம் கம்பெனிக்கு இரண்டாவது வண்டி வாங்கினோம். அதே ஷோரூம், அதே தம்பி. இப்போது அவர் அங்கே மேனேஜர். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒரு தலையணை கொண்டுவந்தார். சீட்டை எல்லாம் மடக்கிவிட்டு, "படுத்துப் பாருங்க மேடம்," என்று தெளிவாகவே சொன்னார்.

படுத்தேன். தலையணையைச் சரிசெய்துகொண்டேன்.

"கதவைச் சாத்துங்க தம்பி," என்றேன். "புது ஆத்துக் கரைக்கு விடுங்க."